மின்னலையியற்றியில் குவார்ட்சுப் படிகம்: கருவியோ, கருத்தாவோ?

தமிழில் அறிவியல் எழுதப் புகுவோர் கைக்கடிகாரத்தையோ வானொலியையோ விளக்க நேரும்பொழுது, "குவார்ட்சுப் படிகம் மின்னலைகளை உண்டாக்குகிறது" என்று எழுதிச் செல்வதுண்டு. எழுவாயும் பயனிலையும் இயைந்து, படிப்பதற்கு இடர்ப்பாடின்றி அமைந்த தொடர்தான் அது. ஆயினும் பொருளளவில் அதன் எழுவாய் பிழைபட்டது. படிகம் தனித்திருக்குமாயின் அது வெறுங்கல்லேயாகும். ஆண்டுக்கணக்கில் காத்திருப்பினும் அதனின்று தொடர்ந்த அலையொன்றும் எழாது. இப்பிழையை உணர்ந்தோர் சிலர், "அலையியற்றியில் படிகம் பயன்படுகிறது" என்று அடக்கமாகச் சொல்லி அமைவர். அதில் பிழை இல்லை; பொருளும் இல்லை. சுற்றிலுள்ள கம்பியும் மின்தடையுமே கூடப் பயன்படுகின்றனவே! அவை செய்யாத ஒரு தொழிலைப் படிகம் செய்வதனால்தான் அதன் பெயர் கடிகாரத்தின் முகப்பில் பொறிக்கப்படுகிறது. அத்தொழில் யாதென அறிந்தாலன்றி அதனைக் கூறும் தமிழ்த் தொடரைச் செம்மையாக அமைத்தல் இயலாது.

மூன்றாம் வேற்றுமைக்குரிய பொருள்களாகக் கருவி, கருத்தா, உடனிகழ்வு என்பவற்றை நன்னூலார் கூறினார். கருவியை முதற்கருவி, துணைக்கருவி எனவும், கருத்தாவை ஏவுதற்கருத்தா, இயற்றுதற்கருத்தா எனவும் இலக்கண ஆசிரியர்கள் மேலும் பகுத்தனர். குடத்துக்கு மண் முதற்கருவி, திரிகை துணைக்கருவி. கோயிலைக் கட்டும் தச்சன் இயற்றுதற்கருத்தா. கட்டுவிக்கும் அரசன் ஏவுதற்கருத்தா. இந்நான்கு இடங்களுள் படிகம் எவ்விடத்தில் நிற்கும் என்பதே ஈண்டு எழுப்பப்படும் வினா. இஃது இலக்கண விளையாட்டன்று. ஒரு சுற்று இயங்க மறுக்கும்பொழுதும், ஒரு கடிகாரம் நாள்தோறும் சில விநாடி முந்தும்பொழுதும், குற்றம் எப்பொருளின் மேலது என்று பொறியியலார் தேடும் தேட்டமும் இவ்வினாவேயாகும்.

முதற்கண் சொல்லைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 'படிகம்' என்பது 'ஸ்படிகம்' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். பண்டு அது இந்த ஒரு கல்லுக்கே பெயராக வழங்கிற்று. இக்காலத்திலோ, அணுக்கள் ஒழுங்குற அடுக்கப்பெற்ற திண்பொருள் எதுவாயினும், உப்பாயினும் சருக்கரையாயினும், படிகம் எனவே கூறப்படுகின்றது. மேலைமொழிகளிலும் இதே மாற்றம் நிகழ்ந்துள்ளமை வியப்புக்குரியது. கிரேக்கர் இக்கல்லைப் பனிக்கட்டியைக் குறிக்கும் 'கிருசுடல்லோசு' என்னும் சொல்லால் அழைத்தனர். மிக்க குளிரால் மீண்டும் உருகாதவாறு உறைந்த நீரே இக்கல் என்பது பண்டை நம்பிக்கை. உரோம அறிஞர் பிளினியும் அவ்வாறே கருதினார். அச்சொல்லும் பின்னர்ப் பொதுப்பெயராயிற்று. 'பளிங்கு' என்பதைக் கொள்ளலாமோ எனின், மணிமேகலையின் பளிக்கறையை நினைவூட்டும் அழகு அதற்கு உண்டெனினும், இன்று வழக்கில் சலவைக்கல்லையும் கண்ணாடியையும் அது சுட்டி மயக்கம் தரும். ஆதலின் 'குவார்ட்சு' என்றே வழங்குதல் நன்று. கண்ணாடியோடு மயங்காமை ஏன் இன்றியமையாதது என்பது அடுத்து விளங்கும்.

குவார்ட்சு, சிலிக்கனும் ஆக்சிசனும் சேர்ந்த சேர்மம். ஒவ்வொரு சிலிக்கன் அணுவையும் நான்கு ஆக்சிசன் அணுக்கள் நான்முகி வடிவிற் சூழ்ந்து நிற்கும். ஒவ்வோர் ஆக்சிசனும் இரண்டு சிலிக்கன்களுக்குப் பொதுவாகும். இந்நான்முகிகள் ஓர் அச்சைச் சுற்றித் திருகுபடிக்கட்டுப் போல முறுக்கிச் செல்கின்றன. முறுக்கு வலப்புறமாகவும் அமையும், இடப்புறமாகவும் அமையும். வலக்கை, இடக்கை போல ஒன்றன் கண்ணாடி நிழலாக மற்றொன்று விளங்கும் இருவகைக் கற்கள் இயற்கையில் உண்டு. இவ்வமைப்பில் நடுவண் சமச்சீர் இல்லை. ஒரு புள்ளியினின்று ஒரு திசையிற் சென்றால் காணப்படுவது எதிர்த்திசையில் அதே தொலைவிற் சென்றால் காணப்படுவதில்லை. இக்குறையே குவார்ட்சின் சிறப்பனைத்துக்கும் அடிப்படை. இதே குவார்ட்சை உருக்கிக் குளிர்வித்துக் கண்ணாடியாக்கினால், சேர்மம் மாறாது. ஆயின் அணுக்களின் ஒழுங்கு குலைந்துவிடும். பின்னர்க் கூறப்படும் விளைவில் ஓரணுவும் அதனிடம் எஞ்சாது.

அவ்விளைவைக் காண ஓர் அறுகோணத்தை மனத்தில் வரைந்துகொள்க. அதன் ஆறு மூலைகளிலும் நேர்மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும் மாறிமாறி நிற்பதாகக் கொள்க. மூன்று சிலிக்கனின் இடங்கள், மூன்று ஆக்சிசனின் இடங்கள். எவ்வித அழுத்தமும் இல்லாதபோது மூன்று நேர்மின்னூட்டங்களின் மையமும் மூன்று எதிர்மின்னூட்டங்களின் மையமும் அறுகோணத்தின் நடுவில் ஒரே புள்ளியிற் பொருந்தும். வெளியே மின்னியல்பு தோன்றாது. ஒரு மூலையிலிருந்து அதன் எதிர்மூலையை நோக்கி அறுகோணத்தை நசுக்கினால், இரு மையங்களும் பிரிந்து விலகும். கல்லின் ஒருமுகம் நேர்மின்னும் மறுமுகம் எதிர்மின்னும் ஏற்கும். நசுக்காது இழுத்தால் மின்னின் வகை மாறும். மெய்யான குவார்ட்சின் அமைப்பு இப்படத்தினும் சிக்கலானதெனினும் காரணம் இதுவே. இதனை அழுத்தமின் விளைவு எனலாம். பியேர் கியூரி, அவர்தம் தமையனார் யாக் கியூரி ஆகிய இருவரும் 1880-இல் இதனைக் கண்டறிந்தனர். அழுத்தம் மின்னைத் தருமாயின், மின்னழுத்தம் ஏற்றப்பெற்ற கல்லும் வடிவு மாறவேண்டும் என்று 1881-இல் லிப்மன் கணித நெறியால் உய்த்துணர்ந்தார். அவ்வாண்டே கியூரி உடன்பிறந்தார் அதனை ஆய்வால் மெய்ப்பித்தனர்.

வடிவு மாறும் அளவோ மிக மிகச் சிறிது. அதனைக் கொண்டு என்ன பயன் எனக் கேட்பார்க்கு விடை ஒத்ததிர்வு என்பதாகும். மணியைத் தட்டினால் அதற்கெனவுள்ள ஒலி எழுவது போல, மீள்மையுடைய திண்பொருள் ஒவ்வொன்றுக்கும் அதன் வடிவும் பருமனும் விறைப்பும் வரையறுத்த தனியதிர்வெண் உண்டு. குவார்ட்சுத் தகட்டின் இருமுகங்களிலும் உலோகப் பூச்சிட்டு, மாறும் மின்னழுத்தத்தை ஏற்றி, அதன் வேகத்தைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டே சென்றால், தனியதிர்வெண்ணை அடைந்த அளவில் கல்லின் அசைவு பன்மடங்கு பெருகும். இன்று பெருவழக்கிலுள்ள ஏ.டி. வெட்டுத் தகட்டில், ஒரு முகம் ஒருபுறமும் மறுமுகம் எதிர்ப்புறமும் வழுக்குவது போன்ற சறுக்கலசைவு நிகழும். அதன் அதிர்வெண்ணை முடிவு செய்வது தகட்டின் தடிப்பே. நொடிக்கு 1 கோடி அதிர்வு, அஃதாவது 10 மெகாஹெர்ட்சு, வேண்டுமெனின் தகடு ஏறத்தாழ 0.166 மில்லிமீட்டர் தடிப்புடையதாதல் வேண்டும். தடிப்பு பாதியானால் அதிர்வெண் இருமடங்காகும். கைக்கடிகாரத்திலுள்ள கல் தகடன்று. இசைக்கவை போன்ற சிறு கவை. அதன் இரு கிளைகளும் நொடிக்கு 32,768 முறை ஆடும். இவ்வெண் 2-இன் 15-ஆம் அடுக்காதலின், பதினைந்து முறை இரண்டிரண்டாகப் பகுத்தால் நொடிக்கு ஒரு துடிப்புக் கிடைத்துவிடுகிறது.

கண்டுபிடிப்புக்கும் பயனுக்கும் இடையே நாற்பது ஆண்டுகள் கழிந்தன. முதல் உலகப்போரில் நீர்மூழ்கிகளைக் கண்டறியப் பிரான்சில் பால் லாஞ்சவன் குவார்ட்சை நீருக்கடியில் அதிரவிட்டார். அமெரிக்காவில் அதே பணியில் ஈடுபட்டிருந்த வெசுலியன் பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்டர் கேடி, ஒத்ததிர்வை நெருங்கும்பொழுது படிகத்தின் மின்னியல்புகள் திடீரென மாறுவதைக் கண்டு வியந்தார். பிறர் இடையூறாகக் கருதி ஒதுக்கியிருக்கக்கூடிய அவ்வியல்பையே பற்றிச் சென்று, 1921-இல் குவார்ட்சினால் நிலைநிறுத்தப்பெற்ற முதல் அலையியற்றியை அமைத்தார். ஆர்வர்டுப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் பியர்சு 1923-இல் ஒரே வெற்றிடக் குழலால் இயங்கும் எளிய சுற்றினை வகுத்தார். வெற்றிடக் குழல் சென்று டிரான்சிஸ்டர் வந்து, அதுவும் சிலிக்கன் சில்லுக்குள் அடங்கிவிட்ட பின்னரும் பியர்சின் சுற்றே பெரும்பாலான கருவிகளில் நிலைத்திருக்கிறது.

இனி அலையியற்றியை நோக்குவோம். ஊஞ்சலில் ஒரு குழவி ஆடுகிறது, தாய் தள்ளிவிடுகிறாள். ஆட்டத்தின் வேகத்தைத் தாய் முடிவு செய்வதில்லை. ஊஞ்சற் கயிற்றின் நீளம் முடிவு செய்கிறது. ஆயினும் தாய் தள்ளாவிடின் ஆட்டம் சிறிது சிறிதாக ஓய்ந்துவிடும். அவள் தள்ளும் காலம் தவறினும் ஆட்டம் கெடும். மின்சுற்றில் தாயின் தொழிலைச் செய்வது பெருக்கி. அதன் வெளியீட்டில் ஒரு பகுதியை மீண்டும் அதன் உள்ளீட்டுக்கே அனுப்புவர். இதனைப் பின்னூட்டம் என்பர். அலை நிலைபெற இரண்டு நிபந்தனைகள் வேண்டும். ஒருமுறை சுற்றிவந்த குறி, புறப்பட்டபோது இருந்த வலிமையினும் குறையாதிருத்தல் ஒன்று. புறப்பட்டபோது இருந்த கட்டத்திலேயே திரும்பி வருதல் மற்றொன்று. அலையின் ஏற்ற இறக்கத்தில் ஒரு கணத்தில் அது நிற்கும் இடம் கட்டமாகும். ஒரு முழு அலையை 360 பாகையாகக் கொள்வர். பியர்சின் சுற்றில் பெருக்கி குறியைத் தலைகீழாக்கி 180 பாகை திருப்புகிறது. படிகமும் அதன் இருபுறமும் நிற்கும் இரண்டு மின்தேக்கிகளும் எஞ்சிய 180 பாகையைத் தருகின்றன.

முதல் அலை எங்கிருந்து வந்தது என்று மாணவர் கேட்பர். நல்ல வினா. வெப்பத்தால் மின்னணுக்கள் ஓயாது அலைவதனால் ஒவ்வொரு சுற்றிலும் எல்லா அதிர்வெண்களும் கலந்த மெல்லிய இரைச்சல் எப்போதும் உண்டு. அவ்விரைச்சலுள் தனக்குரிய ஒன்றை மட்டும் படிகம் கடந்துசெல்ல விடுகிறது, அது பெருக்கப்பெற்று மீண்டும் வருகிறது, மீண்டும் பெருக்கப்பெறுகிறது. கடிகாரக் கவையில் இவ்வளர்ச்சி முற்ற ஏறத்தாழ ஒரு நொடியோ அதற்குச் சற்று மேலோ ஆகும். பெருக்கியின் வலிமை போதாதாயின் அஃது ஒருபோதும் முற்றாது.

படிகத்தின் இயக்கத்தை மின்னியலாரின் மொழியிற் பெயர்த்துக் கூறும் நிகர்ச்சுற்று ஒன்றுண்டு. கல்லின் பொருண்மை ஒரு தூண்டுசுருளாகவும், அதன் மீள்மை ஒரு மின்தேக்கியாகவும், உராய்வு ஒரு மின்தடையாகவும் அதில் உருவகிக்கப்படும். உலோகப் பூச்சுகள் இரண்டும் எதிரெதிர் நிற்பதாலான மெய்யான மின்தேக்கம் இவற்றுக்குப் பக்கத்தில் நிற்கும். 10 மெகாஹெர்ட்சுத் தகடு ஒன்றுக்கு உரிய எண்கள் இவ்வாறு அமையும்: தூண்டம் 12.7 மில்லிஹென்றி, இயக்கத் தேக்கம் 0.02 பிக்கோபாரடு, தடை 10 ஓம், பூச்சுகளின் தேக்கம் 5 பிக்கோபாரடு. கடிகாரக் கவைக்கோ இயக்கத் தேக்கம் 0.003 பிக்கோபாரடு, தூண்டம் ஏறத்தாழ 7,800 ஹென்றி. இவ்வெண்களைக் கண்டு திகைப்பு உண்டாதல் இயல்பே. 0.003 பிக்கோபாரடு மின்தேக்கியை எவரும் செய்து சுற்றில் வைத்தல் இயலாது. அருகருகே கிடக்கும் இரண்டு சிறு கம்பித் துண்டுகளுக்கு இடையிலேயே அதனினும் பன்மடங்கு தேக்கம் உண்டு. 7,800 ஹென்றிச் சுருளைச் சுற்றப் புகுந்தால் அது கையில் அன்று, வண்டியில் ஏற்றிச் செல்லவேண்டியதாகும். அரிசிமணி அளவினதாகிய ஒரு கல் அவையிரண்டின் தொழிலையும் செய்கிறது.

இங்கேதான் பொருளின் உயிர்நிலை உளது. அதிரும் பொருள் ஒன்றில் தேங்கிய ஆற்றலில் ஒவ்வோர் ஆட்டத்திலும் எத்துணை இழக்கப்படுகிறது என்பதைத் தரக்காரணி என்னும் எண் காட்டும். இழப்புக் குறையக் குறைய இவ்வெண் உயரும். கம்பிச் சுருளும் மின்தேக்கியும் கொண்ட நல்ல சுற்றுக்கு அஃது 100 அளவில் நிற்கும். ஒவ்வோர் அலையிலும் தேங்கிய ஆற்றலில் 100-க்கு 6 பங்கு வீணாகும். மேற்கூறிய குவார்ட்சுத் தகட்டின் தரக்காரணியோ 80,000. அதில் ஓர் அலையில் வீணாவது ஏறத்தாழ 12,700-இல் ஒரு பங்கேயாகும்.

இதனால் வரும் பயன் சிக்கனம் மட்டுமன்று. பெருக்கி நம்பத்தக்கதன்று என்பதை நினைவிற் கொள்க. வெயில் ஏறினாலும், மின்கலம் தளர்ந்தாலும், அதன் உறுப்புகள் பழமையடைந்தாலும், அது குறியைத் திருப்பும் கட்டம் சிறிது மாறும். அம்மாற்றம் 1 பாகை என்று கொள்வோம். சுற்றின் மொத்தக் கட்டம் 360 பாகையாகவே இருத்தல் வேண்டுமாதலின், தவறிய அந்த ஒரு பாகையை ஒத்ததிர்வுறுப்பு ஈடுசெய்தாக வேண்டும். அதற்காக அதிர்வெண் தன்னிடத்தைவிட்டு நகரும். எவ்வளவு நகரும்? தரக்காரணி 100 உடைய சுருட்சுற்றாயின் 10 மெகாஹெர்ட்சில் 870 ஹெர்ட்சுக்கு மேல் நகரவேண்டும். குவார்ட்சாயின் 1 ஹெர்ட்சு நகர்ந்தாலே போதும். ஏனெனில் தரக்காரணி உயர்ந்த பொருளில், ஒத்ததிர்வை ஒட்டிய மிகக் குறுகிய எல்லைக்குள் கட்டம் செங்குத்தாக ஏறி இறங்கும். பெருக்கியின் தவறு அனைத்தையும் தன் அதிர்வெண்ணை ஏறத்தாழ அசைக்காமலேயே கல் விழுங்கிக்கொள்கிறது.

இப்போது முன் எழுப்பிய வினாவுக்கு மீள்வோம். மின்கலம் தரும் ஆற்றலே அலையாக மாறுகிறது. ஆதலின் அது மண்ணைப் போல முதற்கருவி. அவ்வாற்றலை அலையாக்கும் பெருக்கி இயற்றுதற்கருத்தா. படிகத்தைத் திரிகையோடு சேர்த்துத் துணைக்கருவி என்று கூறிவிடலாம் எனத் தோன்றும். யானும் நெடுங்காலம் அவ்வாறே கருதினேன். ஆயின் திரிகை குயவனின் கைக்கு அடங்கியது. குயவன் விரைந்து சுற்றினால் விரையும், தளர்ந்தால் தளரும். இங்கு நிகழ்வது அதற்கு நேர்மாறு. பெருக்கி எவ்வாறு தடுமாறினும் எப்போது தள்ளவேண்டும் என்னும் ஆணை கல்லினின்றே பிறக்கிறது. ஒரு செங்கல்லையும் தன் கையால் எடுத்து வையாத அரசனே கோயிலின் அளவை முடிவு செய்வது போல, ஆற்றல் சிறிதும் ஈட்டாத படிகம் அலையின் காலத்தை முடிவு செய்கிறது. ஆகவே படிகத்தை ஏவுதற்கருத்தாவாகக் கொள்ளுதலே உண்மைக்கு அணித்தானது. "படிகத்தின் ஏவலால் பெருக்கி அலையை இயற்றுகிறது" என்று எழுதலாம். சுருக்கம் வேண்டுவோர் "படிகம் அலையை நெறிப்படுத்துகிறது" எனலாம்.

அரசனுக்கும் அமைச்சர் உண்டு. படிகத்தின் இருபுறமும் நிற்கும் மின்தேக்கிகள் அதன் ஆணையைச் சிறிது வளைக்க வல்லன. கல்லினுள் தொடர்நிலை ஒத்ததிர்வு, இணைநிலை ஒத்ததிர்வு என இரண்டு உண்டு. மேற்காட்டிய தகட்டில் இரண்டுக்கும் இடைவெளி 20,000 ஹெர்ட்சே. இவ்விடைவெளியுள் மட்டுமே படிகம் தூண்டுசுருள் போல நடக்கும். பியர்சின் சுற்று இவ்விடைவெளியுள் ஓரிடத்தில் நிலைகொள்ளும். எவ்விடம் என்பதைப் புறத்தேக்கம் குறிக்கும். படிகம் செய்வோர் தாம் கருதிய தேக்க அளவைக் குறித்தே கல்லை விற்பர். கவனக்குறைவினால் நேரும் பிழை ஒன்றை ஈண்டுச் சுட்டலாம். 12.5 பிக்கோபாரடுக்கெனச் செய்யப்பெற்ற கடிகாரக் கவையை 6 பிக்கோபாரடு மட்டுமே தரும் சுற்றில் வைத்தால், அதிர்வெண் பத்து இலட்சத்தில் 93 பங்கு உயரும். அது பொருட்படுத்தத் தகாததெனத் தோன்றலாம். ஆயின் அக்கடிகாரம் நாளொன்றுக்கு 8 விநாடி முந்தும். மாதத்தில் 4 நிமிடம். கல் குற்றமற்றது, பெருக்கியும் குற்றமற்றது.

வெப்பத்தின் செயல் வேறு. கல் விரிவதும் அதன் விறைப்பு மாறுவதும் அதிர்வெண்ணைத் தாக்கும். ஆனால் குவார்ட்சின் விறைப்பு எல்லாத் திசைகளிலும் ஒருபடித்தாக மாறுவதில்லை. சில திசைகளில் வெப்பம் ஏற ஏற விறைப்புக் கூடவும் செய்யும். ஆதலின் கூடுவதும் குறைவதும் ஒன்றையொன்று அழிக்கும் ஒரு சாய்வு இருத்தல் வேண்டும் என்று தேடினர். முறுக்கச்சுக்கு ஏறத்தாழ 35 பாகை 15 கலை சாய்வாக அறுத்த தகட்டில் அச்சமநிலை வாய்த்தது. 1934-இல் பெல் ஆய்வகத்தார் வெளியிட்ட இதுவே ஏ.டி. வெட்டு, சப்பானில் ஐசாக் கோகாவும் செருமனியில் பெக்மனும் தனித்தனியே இம்முடிவை எய்தினர். அறுக்கும் கோணம் ஒரு கலை, அஃதாவது பாகையில் 60-இல் ஒரு பங்கு, பிறழ்ந்தாலும் வேறுபாடு தெரியும். கடிகாரக் கவைக்கு இவ்வளவு நற்பேறு இல்லை. 25 செல்சியசுப் பாகையில் அது மிக விரைந்து ஆடும்; அதனின்று வெப்பம் ஏறினும் இறங்கினும் பிந்தும். 45 பாகை வெயிலில் கிடக்கும் கடிகாரம் நாளுக்கு ஒரு விநாடிக்கு மேல் பிந்துவது இதனாலாம். மணிக்கட்டில் அணிந்திருக்கும்வரை உடலின் அணிமை அதனைக் காக்கிறது.

இவையெல்லாம் கணக்குக்கு அடங்கியவை. கணக்கில் எவரும் சேர்க்காத ஒன்று இரண்டாம் உலகப்போரின்போது வெளிப்பட்டது. அமெரிக்கப் படையினர் டாங்கிகளுக்கும் வானூர்திகளுக்கும் உரிய வானொலிகளைக் குவார்ட்சினால் நெறிப்படுத்த முடிவு செய்தனர். குண்டுகளுக்கிடையே குமிழைத் திருகி அலைவரிசை தேடும் இடர்ப்பாடு இதனால் ஒழிந்தது. கல்லை மாற்றிச் செருகினால் வரிசை மாறிவிடும். பிரேசில் நாட்டுச் சுரங்கங்களினின்று கல் வந்தது. கோடிக்கணக்கில் தகடுகள் செய்யப்பெற்றன. ஆயின் தொழிற்சாலையில் தேர்வுற்ற தகடுகள் பல, சில வாரங்களிலேயே அதிர்வெண் பிறழ்ந்தன. சில அதிரவே மறுத்தன. போர்க்களத்தில் ஒரு கவசப்படை தன் துணைப்படையோடு பேச இயலாமற் போவதென்றால் அதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

காரணம் கல்லின் மேற்பரப்பில் இருந்தது. தகட்டை வேண்டிய தடிப்புக்குக் கொணரச் சாணைப்பொடியால் தேய்ப்பர். தேய்த்த முகம் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினும், நுண்ணிய வெடிப்புகளும் பெயர்ந்துவிழும் நிலையிலுள்ள துகள்களும் நிறைந்த சிதைந்த படலம் அதன்மேற் கிடக்கும். காற்றின் ஈரம் அதனுட் புகுந்து மெல்ல மெல்ல அதனைக் குலைத்தது. எவ்வளவு சிறிய மாற்றம் எவ்வளவு பெரிய தீங்கு விளைக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 0.166 மில்லிமீட்டர்த் தகட்டில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு தடிப்பு என்பது 0.166 நானோமீட்டர், சிலிக்கனுக்கும் ஆக்சிசனுக்கும் இடையிலுள்ள ஒரு பிணைப்பின் நீளமே ஏறத்தாழ அவ்வளவுதான். அஃதாவது, ஓரணு அளவு தடிப்புக் குறைந்தாலும் 10 மெகாஹெர்ட்சுக் கல் 10 ஹெர்ட்சு பிறழும். ஈரம் படிந்தாலும் அவ்வாறே. தேய்ப்பதைச் சற்று முன்னரே நிறுத்திவிட்டு, எஞ்சிய தடிப்பைப் புளோரைடு கலந்த கரைசலால் அரித்தெடுத்து, சிதைந்த படலத்தை அறவே நீக்குவதே தீர்வாயிற்று. இன்றும் நல்ல படிகங்கள் காற்று நீக்கிய உலோகக் கூட்டுள் முத்திரையிடப்படுகின்றன. இக்குற்றத்தையே குணமாகக் கொண்டு, தகட்டின்மேற் படியும் பொருளின் எடையை அதிர்வெண் மாற்றத்தால் அளக்கும் குவார்ட்சு நுண்தராசுக்கு 1959-இல் சாவர்பிரே அடிகோலினார்.

போருக்குப் பின்னர்ச் சுரங்கக் கல்லை நம்பியிருத்தல் தகாதெனக் கருதி, குவார்ட்சை வளர்த்தெடுக்கும் முறை செப்பம் செய்யப்பெற்றது. தடித்த எஃகுக் கலத்துள், காரம் கலந்த நீரில், ஆயிரம் வளிமண்டலத்தை விஞ்சும் அழுத்தத்திலும் 350 பாகையை ஒட்டிய வெப்பத்திலும், அடியிற் கிடக்கும் குவார்ட்சுத் துண்டுகள் கரைந்து மேலே ஏறி, அங்குத் தொங்கவிடப்பெற்ற வித்துத் தகடுகளின்மேல் வாரக்கணக்கில் படிந்து வளரும். தனியதிர்வுக்கென இன்று அறுக்கப்படும் கல் பெரும்பாலும் இவ்வாறு விளைந்ததே. 1969 திசம்பர் 25-இல் சப்பானில் விற்பனைக்கு வந்த 'சைக்கோ ஆசுட்ரான்' என்னும் முதற் குவார்ட்சுக் கைக்கடிகாரத்தின் கல் நொடிக்கு 8,192 முறை ஆடிற்று.

மணிக்கூண்டினும் உயர்ந்த இடத்திலும் குவார்ட்சு ஆட்சி செலுத்தியதுண்டு. 1927-இல் பெல் ஆய்வகத்தின் வாரன் மாரிசனும் ஜோசப் ஆர்ட்டனும் முதற் குவார்ட்சுக் கடிகாரத்தை அமைத்தனர். பெர்லினில் சைபே, அடெல்சுபெர்கர் இருவரும் 1930-களில் தம் குவார்ட்சுக் கடிகாரங்களை விண்மீன்களின் காலத்தோடு ஒப்பிட்டபொழுது, பருவந்தோறும் சிறு வேறுபாடு தோன்றிற்று. பிழை கல்லினுடையதன்று, புவியினுடையது என்று அவர் முடிவு செய்தனர். ஆண்டின் ஒரு பகுதியில் புவி சற்று விரைந்தும் மறுபகுதியில் சற்றுத் தளர்ந்தும் சுழல்வது அவ்வாறு புலனாயிற்று. 1967-இல் நொடியின் வரையறை சீசிய அணுவிடம் ஒப்படைக்கப்பெற்றது: அவ்வணுவின் குறிப்பிட்ட கதிர்வீச்சு 9,192,631,770 முறை அலையும் காலம் ஒரு நொடி. ஆயின் வழக்கமான சீசியக் கடிகாரத்துள்ளும் ஒரு குவார்ட்சு அலையியற்றி உண்டு. அதன் அலையைப் பெருக்கிச் சீசியத்தின் முன் நிறுத்துவர். அணு அதனை ஏற்கிறதா, எவ்வளவு விலகியுளது என்று பார்த்து, விலகலுக்கேற்பக் குவார்ட்சைத் திருத்துவர். அங்கே சீசியம் ஏவுகிறது. குவார்ட்சு ஏவலுக்கு அடங்கி நிற்கிறது. எனினும் ஒரு திருத்தத்துக்கும் அடுத்த திருத்தத்துக்கும் இடைப்பட்ட சிறுபொழுதில் காலத்தைக் காத்து நிற்பது அக்கல்லேயாகும்.